தாய் அமரும் இடம்

திருநெல்வேலிச் சீமையின் வடமேற்கே, கரிசலும் செவலும் மாறி மாறி வரும் பூமியின் நடுவில், ஒன்பது நிலைக் கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு விளங்கும் சங்கரன்கோவிலுக்கு, ஹரியும் ஹரனும் ஒன்றே என்று உலகுக்கு உணர்த்த அம்பிகை புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் தவம் இயற்றினாள் என்ற ஐதிகத்தால் உண்டான கீர்த்தி ஒன்று. அந்த அம்பிகையின் சந்நிதியை அடைந்தால் கலங்கிய சித்தம் தெளியும் என்று தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நம்பி வந்ததால் உண்டான கீர்த்தி மற்றொன்று. முன்னதை ஸ்தலபுராணம் விரித்துரைக்கிறது. ஆடித் தபசுக்குத் திரளும் கூட்டமும், கொடியேறியதும் பிராகாரத்தை நூற்றுக்கணக்கான முறை வலம் வரும் ஆடிச்சுற்றுக்காரர்களும் ஆண்டுதோறும் அதனை நிலைநாட்டுகிறார்கள். பின்னதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தப் பின்னதிலிருந்து புறப்படுகிறது.

கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அங்கே ஸ்ரீசக்கரம் பதிக்கப்பட்டிருக்கிறது என்றும், பதித்தவர் திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் என்றும் கோயில் வழக்கு சொல்லுகிறது. சித்தம் கலங்கியவர்களையும், பேய் பிடித்ததாகக் கருதப்பட்டவர்களையும், இன்னதென்று சொல்லத் தெரியாத மாறுதல் யாரிடத்தில் தென்பட்டதோ அவர்களையும் அழைத்து வந்து, அந்தப் பள்ளத்தில் அம்மனை நோக்கி உட்கார வைப்பது இங்கே நெடுநாளைய வழக்கம். நெற்றியில் புற்றுமண் இடுவார்கள். சிறிது வாயிலும் போடுவார்கள். உட்கார மறுத்துத் திமிறுகிற குழந்தையானால், தாயே முதலில் அதில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்திக்கொள்வாள். அவளை எழுந்திரு என்று யாரும் சொல்லுவதில்லை.

குழந்தைகளும் வந்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் கொள்ள இடமில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், சுழலும் சக்கரத்தையே மணிக்கணக்கில் பார்த்திருக்கும் பிள்ளை. ஒன்றரை வயதில் சொல்லிய 'அம்மா'வை மூன்று வயதில் கைவிட்டுவிட்ட பிள்ளை. கண்ணருகே விரல்களை ஆட்டியபடி நுனிக்காலில் நடக்கும் பிள்ளை. தனக்கு வேண்டியதை வாயால் கேளாமல், பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைக்கும் பிள்ளை. 'ஆம்பளப் பிள்ள பையத்தான் பேசும், நீ பேசாம இருளா' என்று மாமியார் ஒரு வருஷம் ஆறுதல் சொல்லி, அந்த ஆறுதலும் தீர்ந்தபின், குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்த தாய்மார்கள் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். ஆட்டிசம் என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் வழங்கும் இந்த நிலை, பெயரில்லாத காலத்தில் சரித்திர ஏடுகளில் ஏறவில்லையே தவிர, வீடுகளில் இல்லாமற்போகவில்லை.

இத்தகைய குழந்தையை யாரிடம் கொண்டு செல்வது என்ற கேள்விக்கு, கோயிலும் அரசாங்கமும் மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்களும் நம் நாட்டுத் தொண்டு ஸ்தாபனங்களும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை தந்திருக்கின்றன. அவ்விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்குங்கால், எந்த முறை எத்தகைய மருந்தையோ மந்திரத்தையோ பயிற்சியையோ கையாண்டது என்பதைக் காட்டிலும், அது தாயை எங்கே உட்கார வைத்தது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. குழந்தையின் பக்கத்திலா, கதவுக்கு வெளியிலா? இந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காகப் பிடித்துக்கொண்டு நூறாண்டுச் சரித்திரத்தினூடே நடந்து வந்தால், இன்று சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம் தன் குழந்தைக்கு நடத்தைப் பயிற்சி தருவாரைத் தேர்ந்தெடுப்பதற்கும் அது உதவும் என்று நம்புகிறேன்.

கோயிலிலிருந்தே தொடங்குவோம். கோயில் தாயை விலக்கவில்லை. ஆயினும் அவளைப் பழியிலிருந்து விடுவிக்கவும் இல்லை. புற்றை இடித்திருப்பாள், பாம்பை அடித்திருப்பார்கள், நாகதோஷம் பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது என்ற பேச்சு, பாம்பும் தேளும் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் சேர்க்கும் இந்த க்ஷேத்திரத்தில் எளிதாகவே எழும். பேசாத குழந்தை பள்ளத்தில் உட்கார்ந்து எழுந்ததனால் பேசத் தொடங்கியது என்பதற்குச் சான்று காட்ட எவராலும் இயலாது. எனினும், கோயில்வாசத்தினால் எந்த நன்மையும் இல்லை என்று தள்ளிவிடுவதும் உண்மைக்குப் பொருந்தாது. தென் தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் மனநல நிபுணர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, மருந்தோ சிறப்புச் சடங்கோ இன்றி அங்கே தங்கியதிலேயே அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்ததாகக் கூறியது. அவர்களோடு உறவினர் ஒருவரும் உடன் தங்கியிருந்தார். கட்டிவைப்பாரும் அதட்டுவாரும் இல்லை. அந்த ஆராய்ச்சி பெரியவர்களின் மனநோயைப் பற்றியது. ஆட்டிசமோ நோயே அன்று, பிறவியோடு வரும் ஒரு வளர்ச்சி வேறுபாடு. ஆகையால் அம்முடிவை அப்படியே நம் குழந்தைகளுக்குப் பொருத்துதல் ஆகாது. உறவு உடனிருத்தலுக்கு ஒரு பலன் உண்டு என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உறவு விலகிய இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களைக் குடும்பத்தார் தனியார் காப்பகங்களில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் தொகை 28. தர்காவின் மீது அந்தப் பழியைப் போடுவது தகாது. நம்பிக்கையைச் சுற்றி வளர்ந்த வியாபாரமும், பணம் கட்டி விட்டுவிட்டுப் போகலாம் என்ற வசதியும் சேர்ந்து விளைத்த கொடுமை அது.

அரசாங்கம் தந்த விடையும் நெடுங்காலம் விட்டுவிட்டுப் போவதாகவே இருந்தது. சென்னையில் 1794-இல் ஆங்கில வைத்தியர் ஒருவர் தனியாராகத் தொடங்கிய பைத்தியக்கார விடுதியின் வழிவந்த கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1871-இல் நிறுவப்பட்டது. 1912-ஆம் ஆண்டின் இந்தியச் சித்தசுவாதீனமின்மைச் சட்டம், புத்தி வளர்ச்சி குன்றியவனையும் சித்தம் கலங்கியவனையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியது. பிறவியிலேயே வேறு விதமாக வளரும் குழந்தைக்கும், இருபது வயதில் நோய்வாய்ப்பட்ட இளைஞனுக்கும் அச்சட்டத்தின் கண்ணில் பேதமில்லை. சங்கரநயினார்கோவில் என்று அன்று வழங்கிய சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து சென்னைக்குப் போய், தன் பிள்ளையை அந்தப் பெரிய மதிலுக்குள் விட்டுத் திரும்பும் மனவலிமை எந்தத் தாய்க்கு வரும்? பெரும்பாலோர் போகவில்லை. பிள்ளையைத் திண்ணைக்கு உள்ளே வைத்துக்கொண்டார்கள். கல்யாண வீடுகளுக்கு அழைத்துப் போகாமல் நிறுத்தினார்கள். பின்னர்த் தாங்களும் போகாமல் நின்றார்கள்.

ஆட்டிசத்துக்கு வைத்திய உலகில் தனி வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர். 11 குழந்தைகளை நுணுக்கமாகக் கவனித்து 1943-இல் அவர் எழுதிய கட்டுரை, இக்குழந்தைகள் பிறரோடு உணர்ச்சித் தொடர்பு கொள்ளும் இயல்பான ஆற்றல் குறைந்தவர்களாகவே பிறக்கிறார்கள் என்று கூறியது. அதே கட்டுரையின் இறுதியில், இவர்களின் பெற்றோரில் உள்ளக் கனிவு மிக்கவர்கள் மிகச் சிலரே என்ற குறிப்பும் இருந்தது. அந்தச் சிறு குறிப்பு வளர்ந்து பெரும் நச்சு மரமாயிற்று. சிகாகோ நகரில் ஒரு குழந்தைகள் விடுதியை நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம், தாயின் அன்பின்மையே குழந்தை தன்னுள் ஒடுங்கக் காரணம் என்று 1967-இல் ஒரு நூலே எழுதினார். நோய்க்குக் காரணம் தாயானால், மருந்து அவளை அகற்றுவதுதானே? அவருடைய விடுதியில் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். பெற்றோர் அவர்கள் வசிக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது. நாகதோஷம் சொல்லிய நம் ஊர்க் கிழவியாவது தாயைப் பிள்ளையோடு உட்கார விட்டாள். கல்வியும் புகழும் உடைய பேரறிஞர் அதையும் பறித்துக்கொண்டார். அந்தக் காலத்து அமெரிக்கத் தாய்மார்கள் பட்ட வேதனையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

அந்தப் பழியைத் துடைத்தவர்களில் முதல்வர், தாமே ஆட்டிசக் குழந்தை ஒன்றின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்டு. அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக வேலை பார்த்த அவர், கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி, இது உடலியற்கையில் வேரூன்றியது, வளர்ப்பின் குற்றமன்று என்று 1964-இல் ஒரு நூலால் நாட்டினார். மறு ஆண்டே பெற்றோர் சங்கம் ஒன்றும் தோன்றியது. 1969-இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் கானரே எழுந்து, பெற்றோர்களை நான் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்துப்பட அறிவித்தார். பெட்டல்ஹெய்ம் இருந்த அதே சிகாகோவில் கற்றுப் பின் அவரை அடியோடு மறுத்த எரிக் ஷாப்லர், வட கரோலினா மாநிலத்தில், பெற்றோரைத் துணைச் சிகிச்சையாளராக அமர்த்தும் முறையை உருவாக்கினார். 1972-இல் அம்மாநிலச் சட்டமன்றமே அதற்கு நிலையான ஆதரவு அளித்தது. சரித்திரம் திரும்பிய இடம் அது.

இனி, நடத்தைப் பயிற்சி என்று இன்று ஊர்தோறும் பலகை மாட்டி நடத்தப்படும் சிகிச்சையின் மூலத்துக்கு வருவோம். செயலுக்குப் பின் வரும் பலனே அச்செயலை வளர்க்கவும் தேய்க்கவும் செய்கிறது என்ற மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னரின் தத்துவத்தை ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தியவர்களில் பெயர் பெற்றவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஐவார் லோவாஸ். ஒரு திறனைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் பல முறை செய்ய வைத்து, செய்தவுடன் பரிசளித்துப் பழக்குவது அவர் முறை. பரிசோடு நில்லாமல், 1960-களில் அறை, அதட்டல், மின்னதிர்ச்சி ஆகியவற்றையும் அவர் கையாண்டார். 1965-இல் 'லைஃப்' பத்திரிகை அதைப் புகைப்படங்களோடு வெளியிட்டது. 1987-இல் அவர் பிரசுரித்த ஆராய்ச்சியோ உலகெங்கும் பெற்றோரின் நெஞ்சில் ஆசையை மூட்டியது: வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து பயிலும் நிலையை அடைந்தனர் என்றது அது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, தண்டனையும் அம்முறையில் கலந்திருந்தது என்ற ஆட்சேபங்கள் பின்னர் எழுந்தன. ஆனால் ஆசைக்கு ஆட்சேபம் எட்டுவதில்லை. இன்றைக்கும் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் வரும் பெரிய வாக்குறுதிகளின் ஊற்று அந்த ஒரு கட்டுரையே.

விளம்பரத்தில் வராத மற்றோர் ஆராய்ச்சி லோவாஸுக்கு உண்டு. நான் அதையே பெரிதாக மதிக்கிறேன். முன்பு தம்மிடம் பயின்ற குழந்தைகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்து, அவரும் தோழர்களும் 1973-இல் எழுதியது அது. பயிற்சி முடிந்தபின் அரசாங்க விடுதிக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகள் கற்றதைக் காத்தும் வளர்த்தும் இருந்தார்கள். நிபுணரின் கை எத்துணை தேர்ந்ததாயினும், அது விலகிய பின் நிற்பது வீட்டாரின் கை என்பதை, தாயை நம்பாத ஒரு சகாப்தத்தின் நடுவிலேயே அவருடைய சொந்தக் கணக்கு காட்டிவிட்டது.

நம் நாட்டில் வழி வேறு விதமாகத் திறந்தது. நிபுணர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த தேசத்தில், பெற்றோரை உள்ளே அழைப்பது கொள்கை மட்டும் அன்று, நிர்ப்பந்தமும் ஆயிற்று. சென்னையில் 1989-இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வகுத்த 'உபநயன்' முறையில், அசைவு, சுயபராமரிப்பு, மொழி, அறிவு, கூடிப்பழகுதல் என்ற ஐந்து துறைகளில் துறைக்கு ஐம்பதாக 250 செயல்களை அட்டவணைப்படுத்தி, தாயையோ தந்தையையோ குழந்தையோடு உட்கார வைத்தே கற்பித்தது. தில்லியில், ஆட்டிசக் குழந்தையின் தாயான மெர்ரி பரூவா 1991-இல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' இயக்கம், தூர தேசங்களிலிருந்து பெற்றோர்களைக் குழந்தையோடு வரவழைத்துச் சில மாதம் உடன் பயிற்றி, பின்பு அவரவர் ஊருக்கு ஆசிரியராகவே திருப்பி அனுப்பியது.

சங்கரன்கோவிலுக்கு அணித்தான சரித்திரமோ, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்பரீட்சையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் தம்மைப் பரிவோடு கவனித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அவர் நிறுவியதே அமர் சேவா சங்கம். தசைநலிவு நோயோடு வாழ்ந்துகொண்டே பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் 1992-இல் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்த இருவர், ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி என விரிந்த ஓர் அமைப்பைக் கட்டினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமானது அங்கே எழுந்த கட்டடங்கள் அல்ல. ஆய்க்குடிக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கு ஆளை அனுப்புவது என்று அவர்கள் எடுத்த முடிவே முக்கியம். அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்துச் சமுதாய மறுவாழ்வுப் பணியாளராக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். கையிலுள்ள செயலியில் குழந்தையின் நிலையை அப்பணியாளர் பதிவு செய்ய, சிறப்பு நிபுணர்கள் தொலைவிலிருந்து அதைப் பார்த்து வழி சொல்லும் ஏற்பாட்டையும் பின்னாளில் செய்தார்கள்.

வீட்டுக்கு வருவதனால் என்ன லாபம் என்பதை, சங்கரன்கோவிலின் ஒரு தறி வீட்டை மனத்தில் கொண்டு பார்த்தால் விளங்கும். முன் அறையில் தறி ஓடுகிறது; நாடா இடமும் வலமும் பாயும் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேளாது. தகப்பனார் தறியில் இருக்கிறார். தாய் தார் சுற்றுகிறாள். நான்கு வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் கிடந்து கதறுகிறது; அல்லது தார்க்குச்சிகளை ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி, அதில் ஒன்று நகர்ந்தாலும் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. நகரத்துப் பயிற்சி நிலையத்தில், குளிரூட்டிய அமைதியான அறையில், இக்குழந்தை ஒரு தரம்கூடக் கதறாமல் இருக்கலாம். 'சென்டரில் நன்றாகத்தானே இருக்கிறான், வீட்டில்தான் கெடுத்து வைக்கிறீர்கள்' என்ற சொல்லைத் தாய் கேட்டுத் திரும்பலாம். வீட்டுக்கு வந்த பணியாளரோ ஐந்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுகொள்வார். தறி ஓடும் நேரத்தில் பிள்ளையைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல்வார். தார்க்குச்சியையே பாடப்பொருளாக்கி, ஒன்றைத் தாய் தன் கையில் மறைத்து வைத்துக்கொண்டு, பிள்ளை அவள் முகத்தைப் பார்த்த கணத்தில் கொடுக்கச் சொல்வார். முதலில் பார்வை, பிறகு கை நீட்டல், பிறகு 'தா' என்ற ஓரெழுத்து. சாஸ்திரம் ஸ்கின்னருடையதாக இருக்கலாம். அது பலிக்கும் இடம் பின்கட்டு.

இது வெறும் அபிப்பிராயம் அன்று என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிறப்புப் பட்டம் பெறாத சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு தரமாகப் பன்னிரண்டு அமர்வுகளில் வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து இணங்குவதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்பு தொடங்குவதும் பெருகியிருந்தன. வாரம் 40 மணி நேரத்துக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி இந்தத் துறையில் வேறு வந்ததாக நான் அறியேன்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1995-இன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-இன் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக அடையாளச் சான்றும் உரிமையும் வழங்கியது. 1992-இன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ மனோதத்துவர் முதலியோர் தன் பதிவேட்டில் பெயர் பதிந்தே தொழில் செய்ய வேண்டும் என்று விதித்தது. ஆனால் 'பிஹேவியர் தெரபிஸ்ட்' என்ற பலகையை மாட்டிக்கொள்ளச் சில வாரப் பயிற்சி பெற்றவரும் முன்வருகிறார்கள். ஆகவே திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நிலையத்தின் படியேறும் பெற்றோர், குழந்தையோடு நேரில் உட்காரப் போகிறவருடைய கழகப் பதிவு எண்ணை முதலில் கேட்க வேண்டும். நிலையத்தின் தலைவருடைய எண் போதாது. அந்த எண்ணைக் கேட்பது அவமரியாதை அன்று. தகுதியுடையவர் மகிழ்ந்தே காட்டுவார்.

அடுத்து, உடன் உட்காரலாமா என்று கேட்க வேண்டும். தாயைக் கண்டால் குழந்தை அவளிடமே ஓடும், பாடம் நடவாது என்று சொல்லும் பயிற்சியாளர் உண்டு. தொடக்கத்தில் சில நாட்களுக்கு அது நியாயமாகவும் இருக்கலாம். அப்பொழுதும் கண்ணாடி ஜன்னல் வழியாகவோ கேமரா வழியாகவோ பார்க்க இடம் தர வேண்டும். எந்த வாரத்திலிருந்து உள்ளே வரலாம் என்று நாள் குறித்துச் சொல்ல வேண்டும். கதவு எப்பொழுதும் மூடியே இருக்கும் என்றால், வாய்விட்டுச் சொல்லி முறையிட முடியாத குழந்தையை அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது. அதட்டலும் அடியும் ஒரு காலத்தில் சாஸ்திரத்தின் பெயராலேயே நடந்தன என்பதை மேலே கண்டோம். கிள்ளலும், இருட்டறையில் அடைத்தலும், பட்டினி போட்டுச் சாப்பாட்டைப் பரிசாக்குதலும் இன்று எந்தப் பெயரால் நடந்தாலும் குற்றமே. குழந்தை அந்த நிலையத்தின் தெருமுனை வந்ததும் உடம்பை விறைத்துக்கொண்டு பின்வாங்குமானால், பேச்சில்லாத பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்லும் சாட்சியம் அது. அதை அடம் என்று ஒதுக்கலாகாது.

என்ன கற்பிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணைப் பார், கையைக் கட்டு, சும்மா உட்கார் என்பவை பார்க்கிறவர்களுக்குத் திருப்தி தரும். குழந்தைக்கு அவற்றால் ஆவது சொற்பம். தாகம் என்று சொல்லவும், வேண்டாம் என்று மறுக்கவும், கழிவறைக்குப் போகவும், வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டவும் கற்பிக்கிறவரே நல்ல ஆசிரியர். பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமற்போய்விடும் என்ற பயம் நம்மவரிடம் பரவிக் கிடக்கிறது. ஆராய்ச்சிகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. ஆறு மாதத்தில் குணமாக்கித் தருகிறோம் என்பவரை விட்டு விலகுவதே உத்தமம். கோமதியம்மன் சந்நிதிக்கும் போகலாம், பயிற்சிக்கும் போகலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று வற்புறுத்தும் எவரும், பூசாரியாயினும் தெரபிஸ்டாயினும், குடும்பத்தின் நிலையை அறியாதவரே.

இன்னும் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. இந்தச் சரித்திரம் முழுவதிலும் தாய் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பழியைச் சுமந்ததும் பள்ளத்தில் அமர்ந்ததும் விடுதி வாசலில் நின்றதும் அவளே ஆனதால் அப்படி எழுத நேர்ந்தது. தந்தையருக்கும் பாட்டனாருக்கும் பயிற்சி அறையில் இடமுண்டு. தறிக்கு விடுமுறையான நாளில் தந்தை ஒரு தரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால், 'நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்தாய்' என்ற வீட்டுப் பேச்சு பெரும்பாலும் அன்றோடு நின்றுவிடும். மாலையில் பிள்ளையோடு அரை மணி நேரம் விளையாட இரண்டாவது கையும் கிடைக்கும்.

பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் ஒரு தாளில் குறிக்க வேண்டும்: இன்று எதைக் கற்பித்தோம், எத்தனை முறை உதவியின்றிச் செய்தான், எத்தனை முறை உதவியோடு, எப்பொழுது அழுதான், ஏன் அழுதான். நடத்தைப் பயிற்சி என்ற சாஸ்திரமே இந்தக் குறிப்பின்மேல் நிற்பது. குறிப்பில்லாத பயிற்சி அப்பெயருக்கே உரியதன்று. மாதம் ஒரு முறை அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத தாயானால், அதை உரக்க வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். மூன்று மாதக் குறிப்பில் எந்த அசைவும் தென்படவில்லையானால் முறையை மாற்றும்படி கேட்கலாம். தாளைக் காட்ட மறுக்கிறவரிடம் அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை.